லண்டன் குழாய் நீரில் ஒரு நல்ல பிட்டர்: வீட்டு பியர் செய்முறைப் பதிவு

வீட்டில் பியர் காய்ச்ச வருகிறவர்கள் முதலில் கேட்பது ரெசிபியைத்தான். எந்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), எந்த ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), எத்தனை கிராம்? அது வேண்டும்தான். ஆனால் இன்று கடையில் கிடைக்கும் மால்ட்டும் ஹாப்ஸும் பெரிய ப்ரூவரிகள் வாங்கும் அதே சரக்கு. அங்கே நம்மால் கெடுக்கவும் முடியாது, பெரிதாகக் கூட்டவும் முடியாது. ஒரு கிளாஸோடு வைத்துவிடுகிற பியரையும் இன்னொன்று கேட்கவைக்கிற பியரையும் பிரிப்பவை என் அனுபவத்தில் இரண்டு: நீரில் இருக்கும் காரத்தன்மை, ஈஸ்ட் போட்ட பிறகு முதல் மூன்று நாள் வெப்பநிலை. இந்தப் பதிவில் அந்த இரண்டையும் விரிவாக எழுதுகிறேன். மற்றவற்றைத் தொட்டுக்கொண்டு போகிறேன்.

காய்ச்சியது பிட்டர், ஆங்கிலேயர்கள் பப்பில் அன்றாடம் குடிக்கும் ஏல் வகை பியர். செம்பு கலந்த பொன்னிறம், 4 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும் ஆல்கஹால், நாக்கில் தெளிவாக நிற்கும் கசப்பு, குறைவான நுரை. பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை. விற்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, வீட்டில் காய்ச்சுவது குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதை வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

21 லிட்டருக்கு எடுத்துக்கொண்டது: மாரிஸ் ஆட்டர் மால்ட் 3.8 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 250 கிராம், கென்ட் பகுதியின் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் 90 கிராம், எஸ்-04 உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட். மாரிஸ் ஆட்டர் 1960களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய பார்லி ரகம். விளைச்சலில் அதைத் தாண்டிய ரகங்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் பிஸ்கட் வாசனை கலந்த அந்த மால்ட் சுவைக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். பிட்டரில் ஒளிந்துகொள்ள வேறு சுவையே கிடையாது. மால்ட் நன்றாக இருந்தே ஆக வேண்டும்.

இனி நீர்.

லண்டனில் எந்த வீட்டுக் கெட்டிலைத் திறந்து பார்த்தாலும் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். இங்குள்ள நீர் சுண்ணாம்புப் பாறை நிலத்தினூடே ஊறி வருவது. அதில் கால்சியம் தாராளமாக இருக்கிறது. கால்சியம் பியருக்கு நல்லது. நொதிகளுக்கும் ஈஸ்ட்டுக்கும் உதவுகிறது. சிக்கல் அதனோடு சேர்ந்தே வரும் பைகார்பனேட்டில். மால்ட்டுக்கு இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு. சுடுநீரில் கலந்ததும் அந்தக் கலவையின், அதாவது மாஷின், பிஎச் (அமில அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.2க்கும் 5.6க்கும் இடையில் இறங்க வேண்டும். பைகார்பனேட் அந்த அமிலத்தைத் தின்றுவிட்டு பிஎச்சை மேலேயே பிடித்துவைக்கிறது. மால்ட்டைக் கழுவி எடுக்கும் கடைசிக் கட்டத்தில் பிஎச் 6ஐத் தாண்டினால் உமியிலிருந்து டானின் இறங்கும். அந்தத் துவர்ப்பை அப்புறம் எதைப் போட்டும் எடுக்க முடியாது.

வறுத்த கறுப்பு மால்ட்டுக்கு அமிலம் அதிகம் என்பதால் அது இந்த நீரோடு ஒத்துப்போகும். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் போர்ட்டர் என்ற கறுப்பு பியருக்குப் பேர்போன ஊராக இருந்ததில் இந்த நீருக்கும் பங்குண்டு. வெளிர் நிற ஏலுக்கு இதே நீர் ஒத்துழைக்காது. கிழக்கு லண்டனின் பௌ பகுதியிலிருந்து ஹாட்ஜ்சன் ப்ரூவரி கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவுக்கு ஏல் அனுப்பிக்கொண்டிருந்தது. 1820களில் பர்ட்டன் அபான் ட்ரென்ட் ஊர் ப்ரூவர்கள் அந்தச் சந்தைக்குள் நுழைந்தார்கள்; சில பத்தாண்டுகளில் அது அவர்கள் கைக்குப் போய்விட்டது. வியாபாரக் காரணங்கள் பல இருந்தன. ஆனால் பர்ட்டனின் கிணற்று நீரில் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) ஏராளம். அதில் காய்ச்சிய வெளிர் ஏலின் கசப்பு கூர்மையாகவும் சுத்தமாகவும் இருந்தது. லண்டனில் நல்ல பிட்டர் வேண்டுமென்றால் குழாய் நீரை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்த வேண்டும்.

முதல் வேலை அளப்பது. நீர் நிறுவனத்தின் அறிக்கையில் இருப்பது ஆண்டு சராசரி. மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று எண் மாறும். அதனால் காய்ச்சும் நாள் காலையில் நானே அளந்துவிடுகிறேன். கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கும் ஆல்கலினிட்டி (காரத்தன்மை) சோதனைப் பெட்டியே போதும். சின்னக் குப்பியில் 4 மி.லி. குழாய் நீர் எடுத்து, நிறம் காட்டும் திரவத்தைச் சில சொட்டு விட்டதும் நீர் நீலப்பச்சையாகிறது. பிறகு ஒரு மி.லி. சிரிஞ்சில் ஆசிட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். வெகுநேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கீற்று வந்து மறையும். அங்கிருந்து நிதானம் தேவை. குப்பி முழுக்க ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பாகி, குலுக்கியும் நிறம் திரும்பாவிட்டால் அதுதான் முடிவு. சிரிஞ்சில் மீதம் எவ்வளவு என்று பார்த்து அட்டவணையில் படிக்க வேண்டும். இந்த முறை 13 டிகிரி வந்தது; இது வெப்பம் அல்ல, காரத்தன்மையின் அலகு. ஒரு டிகிரிக்கு 17.85 என்று பெருக்கினால் லிட்டருக்கு 232 மி.கி. பிட்டருக்கு எனக்கு வேண்டியது 30 அளவில். 200 மி.கி. குறைக்க வேண்டும்.

குறைக்க லாக்டிக் ஆசிட் போடலாம், எளிதாகக் கிடைக்கும். ஆனால் இந்த அளவு காரத்தைக் குறைக்க 80 சதவீத லாக்டிக் ஆசிட் லிட்டருக்கு 0.38 மி.லி. வரை போகும். மாஷுக்கும் மால்ட்டைக் கழுவவும் சேர்த்து எடுக்கும் 31 லிட்டருக்கு 12 மி.லி. பக்கம் வந்துவிடுகிறது. அது பியரில் ஒரு மெல்லிய தயிர்ப் புளிப்பாகத் தலைகாட்டும் எல்லைக்கு அருகில். மென்மையான நீர் உள்ள ஊர்க்காரர்களுக்கு லாக்டிக் சரி, லண்டனுக்குச் சரிப்படாது. இங்குள்ள ஹோம்ப்ரூ கடைகளில் சிஆர்எஸ் என்ற பெயரில் ஹைட்ரோகுளோரிக், சல்ஃபியூரிக் அமிலக் கலவை விற்கிறது. உணவுத் தரமானது, அது விட்டுச்செல்லும் குளோரைடும் சல்ஃபேட்டும் பியருக்கு வேண்டியவைதான். லிட்டருக்கு ஒரு மி.லி. போட்டால் 183 மி.கி. காரத்தன்மை குறையும். என் கணக்குக்கு லிட்டருக்கு 1.1 மி.லி., 31 லிட்டருக்கு 34 மி.லி. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஊற்றுங்கள். ஊற்றிக் கிளறியதும் பாத்திரத்தின் சுவரெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ் பிடிக்கும். பைகார்பனேட் கார்பன் டை ஆக்சைடாகிப் போவது அப்படியே கண்ணுக்குத் தெரியும். அரை மணி நேரம் விட்டு, மறுபடி கிளறி, மறுபடி அளந்தேன். 30ஐ ஒட்டி வந்திருந்தது.

இதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கேம்ப்டன் மாத்திரை, அதாவது குளோரினை நீக்கும் சல்ஃபைட் மாத்திரை. அரை மாத்திரையைப் பொடித்து 31 லிட்டரில் கலக்கினால் சில நிமிடங்களில் குளோரினும் குளோரமினும் போய்விடும். ஈஸ்ட்ஹாமில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் காய்ச்சத் தொடங்கிய புதிதில் போன் செய்தான். “அண்ணை, போத்தல் எல்லாம் வடிவாக் கழுவினனான், எண்டாலும் பியர் டெட்டோல் மணக்குது” என்றான். போத்தலில் குற்றமே இல்லை. குழாய் நீரின் குளோரினும் மால்ட்டின் பீனால்களும் சேர்ந்தால் குளோரோபீனால் உண்டாகும்; டெட்டாலில் இருப்பதும் அதே குடும்பத்துச் சேர்மம்தான். லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். குளோரினையாவது கொதிக்கவைத்து விரட்டலாம், குளோரமின் அவ்வளவு சீக்கிரம் போகாது. சில பைசா மாத்திரை, இதைத் தவிர்க்க ஒரு காரணமும் இல்லை. அவனும் அதன்பிறகு போடாமல் காய்ச்சுவதில்லை.

கடைசியாக ஜிப்சம் 5 கிராம். லிட்டருக்கு 90 மி.கி. சல்ஃபேட் கூடும். பர்ட்டன் நீரில் இதைப்போலப் பல மடங்கு உண்டு. அந்த அளவுக்கு ஏற்றினால் ஒரு தாது வாடை வருகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

மாஷ் எளிது. 11 லிட்டர் நீரை 73 டிகிரிக்குச் சூடாக்கி, அரைத்த மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கட்டி தட்டாமல் கிளறினால் 66 டிகிரியில் நிலைக்கும். வெப்பம் போகாத பெட்டியில் மூடி ஒரு மணி நேரம். 62 பக்கம் வைத்தால் ஈஸ்ட்டால் தின்ன முடிந்த சர்க்கரை அதிகமாகி பியர் வறண்டுபோகும், 70 பக்கம் வைத்தால் கனமாகும். பிட்டருக்கு 66 சரியான நடு. கலந்த பத்தாவது நிமிடம் ஒரு கரண்டி எடுத்து, ஆறவைத்து பிஎச் பார்த்தேன்: 5.35. சூட்டோடு மீட்டரை விட்டால் எண்ணும் தவறும், எலக்ட்ரோடின் ஆயுளும் குறையும். பிஎச் என்ற இந்த அளவுகோலே பியரோடு பிறந்ததுதான். டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் 1909இல் அதை வகுத்தது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்தபோது.

ஒரு மணி நேரம் கழித்து முதலில் வடிவதைத் திரும்ப மேலே ஊற்றி, தெளிந்த பிறகு இறக்கி, 77 டிகிரி நீரால் மால்ட்டை மெதுவாகக் கழுவி எடுத்தேன். கொதிப்பு ஒரு மணி நேரம். கொதி வந்ததும் 45 கிராம் ஹாப்ஸ், முடிய கால் மணி இருக்கும்போது 20, அடுப்பை அணைத்ததும் மீதி 25. கடைசிப் பத்து நிமிடத்தில் தெளிவுக்காகக் கடற்பாசி மாத்திரை ஒன்று. மூடியைப் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள், போக வேண்டிய வாடை உள்ளேயே தங்கும். செம்புச் சுருளில் குழாய் நீரை ஓடவிட்டு அரை மணிக்குள் 18 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். நீரை 1 என்று வைத்தால் அடர்த்தி 1.044, நினைத்தபடியே.

இங்கிருந்து வேலை ஈஸ்ட்டுடையது. நம் வேலை அதற்கு இடம் செய்துகொடுப்பது. கொதிப்புக்குப் பிறகு ஊறலை (இந்த இனிப்பு மால்ட் சாற்றை) தொடும் எல்லாவற்றையும், அதாவது வாளி, மூடி, குழாய், கத்தரிக்கோல், ஈஸ்ட் பாக்கெட்டின் வெளிப்புறம் வரை, கழுவத் தேவையில்லாத கிருமிநாசினியில் நனைத்துவிடுகிறேன். 1871இல் லூயி பாஸ்டர் லண்டனின் விட்பிரெட் ப்ரூவரிக்குப் போய் அவர்களுடைய ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அதில் வேண்டாத கிருமிகள் கலந்திருப்பதைக் காட்டினார். ஒரு வாரத்துக்குள் நிர்வாகம் சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிவிட்டது. அவ்வளவு பெரிய ஆலையே கண்ணுக்குத் தெரியாத எதிரியோடு காலம் தள்ளியிருக்கிறது என்றால், சமையலறையில் காய்ச்சும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

வெப்பநிலைக்கு வருகிறேன். சென்னையில் மே மாத இட்லி மாவு சில மணி நேரத்தில் பொங்கி வழிந்து புளித்துவிடும். அதே மாவு மார்கழியில் நிதானமாகப் புளித்து நல்ல மணம் கொடுக்கும். ஈஸ்ட்டும் அப்படித்தான். ஆரம்பத்தில் பெருகும் கட்டத்தில் சூடு அதிகமானால் அது அவசரத்தில் கனமான ஆல்கஹால்களையும் கரைப்பான் வாடை அடிக்கும் எஸ்டர்களையும் உண்டாக்கும். மறுநாள் தலை கனக்கிறது என்று வீட்டு பியர் வாங்கும் கெட்ட பெயரில் இதற்கும் பங்கு இருக்கிறது. பலர் கவனிக்காதது என்னவென்றால், நொதித்தலே சூட்டை உண்டாக்கும். அறை 20 டிகிரி என்றால் வேகமாக நொதிக்கும் வாளியின் உள்ளே 24 வரை போகலாம். அறையின் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் பயனில்லை.

நான் வைத்திருப்பது ஃப்ரீசர் இல்லாத பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று. இரண்டு பிளக் கொண்ட வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பக்கம் ஃப்ரிட்ஜ், மறு பக்கம் சின்ன ஹீட்டர். சூடேறினால் ஃப்ரிட்ஜ் ஓடும், குளிர்ந்தால் ஹீட்டர். முக்கியம் சென்சாரை எங்கே வைக்கிறோம் என்பது. காற்றில் தொங்கவிட்டால் அது ஃப்ரிட்ஜின் காற்றை அளக்கும், பியரை அளக்காது. வாளியின் பாதி உயரத்துக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, மேலே கை அகலம் தடித்த ஸ்பான்ஜ் வைத்து டேப் சுற்றினால் உள்ளிருக்கும் பியரின் வெப்பநிலைக்கு மிக அருகில் காட்டுகிறது. மொத்த அமைப்பில் நான் வாங்கியவற்றிலேயே பியரை அதிகம் மாற்றியது இந்தக் கருவிதான். மினுங்கும் ஸ்டீல் பாத்திரங்களுக்குப் பணம் செலவழிக்கும் முன் இதை வாங்குங்கள்.

ஈஸ்ட்டை 17 டிகிரியில் மேலே தூவினேன். கருவியை 18இல் வைத்தேன். மறுநாள் மாலை வெண்ணிற நுரை இரண்டு விரல் உயரம்; அதன்மேல் ஹாப்ஸ் பிசின் பழுப்புத் திட்டுகளாக ஒதுங்கியிருந்தது. மூடியின் வால்வு அருகே மூக்கை வைத்தால் ஆப்பிளும் ரொட்டியும் கலந்த மணம். முதல் மூன்று நாள் 18ஐத் தாண்டவிடவில்லை. நுரை தணியத் தொடங்கியதும் மெதுவாக 20க்கு ஏற்றினேன். இது தலைகீழாகத் தோன்றலாம், ஆனால் காரணம் உண்டு. ஈஸ்ட் வெளியேற்றும் ஒரு பொருள் பியரில் டையசிட்டைலாக மாறும், வெண்ணெய் வாசனை. அதைத் திரும்ப உட்கொண்டு அழிப்பதும் ஈஸ்ட்தான். குளிரில் அது சோம்பி அடியில் படிந்துவிட்டால் வெண்ணெய் பியரிலேயே தங்கிவிடும். ஏறிய சூட்டில் அது விழித்திருந்து வேலையை முடிக்கும்.

முடிந்ததா என்று பார்க்க எளிய சோதனை: இரண்டு கிளாஸில் கொஞ்சம் பியர் எடுத்து, ஒன்றை மூடி 65 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்தி ஆறவைத்து, இரண்டையும் முகர்ந்து பாருங்கள். ஒளிந்திருந்தது சூட்டில் வெளியே வந்துவிடும். சூடாக்கிய கிளாஸில் சினிமா தியேட்டர் பாப்கார்ன் மணம் வந்தால் இன்னும் இரண்டு நாள் விட வேண்டும். இரண்டும் ஒன்றுபோலச் சுத்தமாக இருந்தால் குளிரவைக்கலாம். அடர்த்தி 1.011இல் நின்று அடுத்தடுத்த நாட்களில் அசையாதிருந்தது. ஆல்கஹால் 4.3 சதவீதம். அடர்த்தி நிலைக்காமல் போத்தலில் அடைக்கவே கூடாது. மிச்சச் சர்க்கரை உள்ளே நொதித்தால் கண்ணாடி வெடிக்கும்.

போத்தலில் அடைக்கும்போது எதிரி ஆக்சிஜன். ஈஸ்ட் போடும்வரை காற்று நண்பன், நொதித்து முடிந்த பியருக்குப் பகை. சில வாரத்தில் நனைந்த அட்டை வாடை தரும். அதனால் தெளித்து ஊற்றாமல், குழாயின் நுனி போத்தலின் அடியைத் தொட்டபடி கீழிருந்து நிரப்ப வேண்டும். 19 லிட்டருக்கு 85 கிராம் சாதாரணச் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கலந்தேன். பிட்டருக்கு இந்த மெல்லிய குமிழே போதும், கூட்டினால் கசப்பு குத்தும். போத்தல்கள் பழுப்பு நிறம் மட்டுமே. தெளிந்த கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சேர்மம் உடைந்து நாற்றமெடுக்கும், வெயிலில் சில நிமிடமே போதும். இரண்டு வாரம் 20 டிகிரியில், பிறகு குளிர்ந்த மூலையில்.

ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ், ஒரே ஈஸ்ட்டை வைத்து ஒரு சிறிய பங்கைத் திருத்தாத குழாய் நீரிலும் வேண்டுமென்றே காய்ச்சி வைத்திருந்தேன். இரண்டையும் 12 டிகிரியில், லேபிள் இல்லாத கிளாஸ்களில் ஊற்றி வீட்டுக்கு வந்தவர்களிடம் கொடுத்தேன். நிறத்திலேயே வேறுபாடு: திருத்தாதது ஒரு சாயல் சிவந்து, கொஞ்சம் கலங்கலாக இருந்தது. அதன் கசப்பு நாக்கின் பின்பகுதியில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. திருத்தியதில் மால்ட் முதலில் வருகிறது, அடுத்து ஆரஞ்சுத் தோலும் மண்ணும் கலந்த கோல்டிங்ஸ் மணம், கசப்பு வந்த வேலையை முடித்துவிட்டு விலகிக்கொள்கிறது. பியர் பற்றி ஒன்றுமே தெரியாது என்று சொன்ன என் மைத்துனர்கூடத் தயங்காமல் அந்தக் கிளாஸைத்தான் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு 4 டிகிரியில் குடித்தால் இந்த வேறுபாட்டில் பாதி மறைந்துவிடும். கிளாஸில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுக் குடியுங்கள்.

அடுத்து போர்ட்டர் காய்ச்சப் போகிறேன். கறுப்பு மால்ட் இருப்பதால் காரத்தன்மையை 120 வரை மட்டும் இறக்கினால் போதும். குழாய் நீர் இதே 232இல் இருந்தால் 31 லிட்டருக்கு சிஆர்எஸ் 19 மி.லி., ஜிப்சம் வேண்டாம், கேம்ப்டன் அதே அரை மாத்திரை.